ஈரோட்டிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிவருகிறோம்: வீடு, தண்ணீர், பேப்பர் வேலை பற்றிச் சில கேள்விகள்

காவிரிக்கரை

வணக்கமுங்க. ஜூன் முதல் வாரம் குடும்பத்தோட நாகர்கோவிலுக்கு மாறி வர்றோம். எனக்கு வேலை கோணம் பக்கம், வீட்டம்மாவுக்கு மகேந்திரகிரி. 7-ம் வகுப்புல ஒண்ணு, 3-ம் வகுப்புல ஒண்ணுன்னு ரெண்டு பசங்க, கூட அம்மா. புரோக்கர் ரெண்டு வீடு சொல்லியிருக்கார். ஒண்ணு வடசேரி தாண்டி, கீழ்வீடு, தனிக் கிணறு, வாடகைக்கு. இன்னொண்ணு பார்வதிபுரம் பக்கம், மாடி வீடு, ஒத்திக்கு. எதை முதல்ல பாக்கணும்? ஊர் பழக்கமில்லாதவங்க எங்க மாட்டிக்குவாங்கன்னு தெரிஞ்சவங்க சொன்னா நல்லாருக்குங்க.

சானல்கரை

வாங்க வாங்க. ரெண்டு பேருக்கு ரெண்டு திசையில வேலைன்னா, யாருக்குத் தூரம் அதிகமோ அவங்க பக்கம் வீடு பாருங்க. மகேந்திரகிரிக்குப் போறது ஒழுகினசேரி, தோவாளை, ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வழி. கோணம் நேர் எதிர்ப்பக்கம், ராஜாக்கமங்கலம் ரோடு. நடுவுல வடசேரி, மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம். ரோடு மகாராஜா காலத்து அகலம், வண்டி இந்தக் காலத்துக் கணக்கு. பள்ளிக்கூடம் விடுத நேரத்துல அந்த நாலு ஜங்ஷனும் அடைச்சுக்கிட்டு நிக்கும். பைக்குல டவுனைத் தாண்டுதது நீங்களா இருந்துக்கிடுங்க, பஸ்ஸுல போறவங்க தாண்ட வேண்டாம். நிறுவன பஸ் இருந்தா அது எங்க நின்னு ஏத்தும்னு முதல்ல கேட்டுட்டு, அதுக்கு நடந்து போற தூரத்துல வீடு தேடுங்க.

ஆனா "வடசேரி தாண்டி"ன்னு புரோக்கர் சொன்னா எந்தப் பக்கம்னு அழுத்திக் கேளுங்க. ஒழுகினசேரியில பழையாத்தை ஒட்டின இடமெல்லாம் தாழ்வு. ஐப்பசி கார்த்திகை மழையில ஆறு பெருகினா தண்ணி முற்றத்துக்கு வந்துதான் திரும்பும். சுசீந்திரம் பக்கமும் அப்படித்தான். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டான், வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். தெருவே சொல்லும். பக்கத்துல புதுசா கட்டின வீடுகளுக்கு அடித்தளம் ரோட்டுல இருந்து எத்தனை அடி உயரம்னு பாருங்க. எல்லாரும் நாலடி, அஞ்சடி தூக்கிக் கட்டியிருந்தா காரணமில்லாம தூக்கலை. காம்பவுண்டு சுவருல ஒரே மட்டத்துல பழுப்புக் கோடு ஓடினா அது போன வெள்ளத்தோட அளவு. ரோட்டை மேல மேல தார் போட்டு உயர்த்தினதுல பழைய வீடுகளோட முற்றம் ரோட்டுக்குக் கீழ போயிருக்கும். அந்த மாதிரி வீட்டுல ஆறு வரவே வேண்டாம், தெருத் தண்ணியே உள்ள வரும்.

வயலை நிரத்திப் போட்ட பிளாட்டா, பழைய விளையான்னும் கேட்டுக்கிடுங்க. ஊருப் பேரு விளைன்னு முடிஞ்சா பெரும்பாலும் மேட்டு நிலம்.

ரப்பர்க்காடு

ஈரோட்டுக்காரருக்கு முதல்ல மழையைப் பத்திச் சொல்லணும். உங்க ஊருல ஐப்பசியில பெய்யுததுதான் மழை. இங்க ரெண்டு பருவம். ஜூன்ல தென்மேற்கு தொடங்கும், அது அடங்கி மூச்சு விடுததுக்குள்ள அக்டோபர்ல வடகிழக்கு வந்திரும். ஒரே மாவட்டம்னாலும் மேற்குல கூடுதல், கிழக்குல குறைவு. கடல்ல இருந்து வர்ற மேகம் மலையில முட்டுத பக்கம் நாங்க, மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை எல்லாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனா மழை குறைஞ்சு காத்து கூடும். காத்தாலை எல்லாம் அங்க நிக்குதது அதனாலயாக்கும். நாகர்கோவில் ரெண்டுக்கும் நடுவுல.

நீங்க வர்றதே மழை தொடங்குத வாரம். சாமான் லாரிக்குத் தார்ப்பாய் மட்டும் போதாது. மெத்தை, புத்தகம், துணிப்பெட்டி எல்லாத்தையும் பாலிதீன்ல சுத்தி, வாய் ஒட்டி அனுப்புங்க. ஒருதரம் நனைஞ்ச பஞ்சு மெத்தை இங்க ஆகஸ்டு வரைக்கும் காயாது.

வீட்டுக்குள்ள பாக்க வேண்டியது தெற்கு, மேற்குச் சுவர். சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும். சன்னலுக்கு மேல சன்ஷேடு ஒண்ணரை அடியாவது வெளிய நீட்டிக்கிட்டிருக்கணும். சுவர்ல ஈரம் இருக்கான்னு பாக்க ஒரு வழி: ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி கனமான பாலிதீன் தாளைச் சுவர்ல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்க. சுவரை ஒட்டின பக்கம் வேர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது, மொட்டை மாடியோ குழாயோ ஒழுகுது. அறையைப் பாத்த பக்கம் வேர்த்திருந்தா காத்தோட்டம் இல்லாத குறை, சன்னலைத் திறந்தாத் தீரும். முதல் வகைக்குப் பெயிண்டு அடிச்சுப் பிரயோசனம் இல்ல. "புதுசா பெயிண்டு அடிச்சுத் தாறேன்"னு வீட்டுக்காரர் ஜூன்ல சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, ஈரச் சுவர்ல அடிச்ச பெயிண்டு ஓணத்துக்குள்ள பொக்குளம் போடும். மாசி, பங்குனிதான் பெயிண்டு காலம்.

பீரோ, கட்டில் தலைமாடு எதையும் சுவரோட சேர்த்து வைக்காதீங்க, மூணு விரக்கடை இடம் விடணும். செருப்பு, பெல்ட், தோல் பை மாசத்துக்கு ஒருதரம் வெயில் காணலேன்னா வெள்ளையாப் பூத்திரும். அலமாரி புதுசா செய்யுததா இருந்தா துகள் பலகை வேண்டாம், தண்ணி தாங்குத பிளைவுட்டைப் பாருங்க. பழைய வீடுன்னா கதவு நிலையைச் சாவியால தட்டிப் பாருங்க. சத்தம் பொள்ளலா கேட்டா உள்ள செதல்.

கிணத்துமேடு

எல்லாரும் சொல்லியாச்சு. நான் தண்ணியை மட்டும் சொல்லுதேன், அதுதான் இந்த ஊருல வாடகையை விடப் பெருசு.

முதல் விஷயம், ஜூன்ல கிணத்தை எட்டிப் பாத்துட்டு "தண்ணி நல்லாக் கிடக்கு"ன்னு நம்பாதீங்க. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணியை வழக்கமா ஜூன் 1-ல கோதையாறு பாசனத்துக்குத் திறப்பாங்க, பிப்ரவரி கடைசி வரைக்கும் சானல்ல ஓடும். சானலுக்கும் குளத்துக்கும் பக்கத்துக் கிணறெல்லாம் அந்த ஒன்பது மாசம் நிறைஞ்சு கிடக்கும். மார்ச்சுல அடைச்ச உடனே இறங்கத் தொடங்கும். அதனால வீட்டுக்காரர்கிட்ட "சித்திரையில எத்தனை உறை (கிணத்து வளையம்) தெரியும்"னு கேளுங்க. அவர் மழுப்பினா பக்கத்து வீட்டுல கேளுங்க. கிணத்து உள்சுவரும் சொல்லும்: பாசி எந்த மட்டத்துல நிக்குது, அதுக்குக் கீழ கல்லு எந்த நிறத்துல இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாத்தா வெயில்காலத்து மட்டம் தெரியும்.

மோட்டார் மேல உக்காந்திருக்கா, தண்ணிக்குள்ள கிடக்கான்னு பாருங்க. மேல வெச்ச மோனோபிளாக் மோட்டார் நடைமுறையில 25 அடி ஆழத்துக்குக் கீழ உறிஞ்சாது. கிணறு 40 அடி, சித்திரையில தண்ணி 32 அடியில கிடந்தா மோட்டார் சும்மா சுத்தி, சீல் கருகி நிக்கும். அந்தக் கிணத்துக்கு உள்ள ஒரு தட்டு அடிச்சு மோட்டாரைக் கீழ இறக்கணும், இல்லேன்னா நீர்மூழ்கி மோட்டார் போடணும். யார் செலவுன்னு இப்பவே பேசிருங்க.

கக்கூஸ் குழிக்கும் கிணத்துக்கும் 15 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 50 அடி இருக்கணும். அஞ்சு சென்ட் மனையில அது பெரும்பாலும் நடக்காது. உங்க வீட்டுக் குழியை மட்டும் பாக்காதீங்க, மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி எங்க கிடக்குன்னும் பாருங்க. அதுதான் பலபேர் விட்டுருவாங்க. இடைவெளி பத்தலேன்னா குடிக்கிற தண்ணியைக் கொதிக்கவெச்சுத்தான் ஆகணும்.

குடிவந்ததும் ஒருதரம் பிளீச்சிங் பவுடர் போடுங்க. கணக்கு இது: கிணத்தோட விட்டம் மீட்டர்ல, அதை அதாலயே பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, 3.14-ஆல பெருக்கி, நாலால வகுத்து, ஆயிரத்தால பெருக்கினா லிட்டர். விட்டம் 2 மீட்டர், தண்ணி 3 மீட்டர்னா சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், ஆக 24 கிராம் போதும். கை அளவுல அள்ளிப் போடாதீங்க, தராசுல நிறுங்க. வாளியில கொஞ்சம் தண்ணி விட்டுக் குழப்பி, முக்கால் வாளி ஆக்கி, பத்து நிமிஷம் தெளிய விடுங்க. அடியில சுண்ணாம்பு தங்கும், அதைக் கிணத்துல ஊத்தக் கூடாது. தெளிஞ்சதை வேற வாளிக்கு மாத்தி, கயித்துல கட்டித் தண்ணிக்குள்ள இறக்கி மேலயும் கீழயும் ஆட்டுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்துக்கலாம், ராத்திரி போட்டுக் காலையில எடுத்தா இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை, பவுடர் புதுசா இருக்கணும். வாய் திறந்து கிடந்த பாக்கெட் இந்த ஈரக் காத்துல சத்து போய் வெறும் சுண்ணாம்பா நிக்கும், போட்டும் பலன் இருக்காது.

சானல்கரை

கிணத்துமேடு அண்ணாச்சி, ஆர்ஓ ஃபில்டர் மாட்டினா இத்தனை பாடு வேண்டாம்லா?

கிணத்துமேடு

தம்பி, அது கடைக்காரன் பேச்சு. உப்பளவு மீட்டர்ல 500-க்குக் கீழ காட்டுத தண்ணிக்கு ஆர்ஓ எதுக்கு? கடலை விட்டுத் தள்ளின கிணறுகள்ல உப்பு பெரும்பாலும் குறைவுதான். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் சாக்கடைக்குப் போகும். நம்ம தண்ணிக்குக் குறை கிருமியும் இரும்பும். கிருமிக்கு யூவி விளக்கு வெச்ச ஃபில்டர் போதும். இரும்பு இருந்தா அது ஆர்ஓ சவ்வையே அடைச்சிரும்.

இரும்பு இருக்கான்னு பாக்கணும்னா வெள்ளை வாளியில புதுசா இறைச்ச தண்ணியைப் பிடிச்சு ஒரு ராத்திரி வைங்க. காலையில அடியில செம்மண் நிறத்துல படிஞ்சிருந்தா இரும்பு உண்டு. டேங்குக்குள்ள விழுத குழாய் வாயில ஷவர் தலை மாதிரி ஓட்டை போட்ட குழாயை மாட்டி, தண்ணி காத்துல சிதறி விழுத மாதிரி பண்ணினா பாதி இரும்பு டேங்கு அடியிலயே படிஞ்சிரும். மீதிக்கு மணல், கரி ஃபில்டர். டேங்கை ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் கழுவணும்.

கடலோரம், அதாவது பீச் ரோட்டுக் கடைசி, ராஜாக்கமங்கலம் பக்கம் வீடு எடுக்குதவங்களுக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. அங்க வெயில்காலத்துல மோட்டாரை நேரம் காலம் இல்லாம ஓட்டினா உப்பு மேல ஏறும். அங்க ஆர்ஓ சரிதான்.

பைப்புத் தண்ணி மாநகராட்சி விடுவாங்க, முக்கடல் அணைத் தண்ணி. எத்தனை நாளைக்கு ஒருதரம்னு தெருவுக்குத் தெரு வேற. ஆளுக்கு நாளொண்ணுக்கு 135 லிட்டர்னு வெச்சுக்கிட்டா உங்க அஞ்சு பேருக்கு 675. வாரத்துக்கு ஒருதரம் வருதுன்னா 4,700 லிட்டர் தேக்க இடம் வேணும். சம்ப்பும் மாடி டேங்கும் சேர்த்து அவ்வளவு இருக்கான்னு பாருங்க. கிணறு இல்லாத மாடி வீட்டுக்கு இந்தக் கணக்குதான் உயிர்.

சந்தேகம் இருந்தா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவங்க கொடுக்குத பாட்டில்லயே பிடிக்கணும், நம்ம கேன்ல கொண்டுபோனா முடிவு தப்பா வரும்.

காவிரிக்கரை

ரொம்ப நன்றிங்க. பார்வதிபுரம் வீட்டுக்காரர் ஒத்தின்னு சொல்றார். மொத்தமா ஒரு தொகை, மாச வாடகை கிடையாது, ரெண்டு வருஷம் கழிச்சு அப்படியே திருப்பித் தருவாராம். முத்திரைத்தாள்ல எழுதிக்கலாம்னு சொல்றார். இது பாதுகாப்பானதா?

வில்லங்கம்

முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் ஒத்தி ஆகாது. ஒத்தி என்பது சொத்தைச் சுவாதீனத்துடன் ஈடு வைப்பது. 100 ரூபாயோ அதற்கு மேலோ தொகை என்றால் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். பதியாத தாளை வைத்துக்கொண்டு வீட்டின் மேல் உரிமை கோர முடியாது. வீட்டுக்காரர் நாளை வீட்டை விற்றாலோ, வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தாலோ உங்கள் பணத்துக்கு அந்த வீடு பிணை அல்ல, நீங்கள் பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர் மட்டுமே. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஒத்தித் தொகையில் சதவீதமாக வரும் என்பதால்தான் பலர் பதியத் தயங்குகிறார்கள். அந்தச் செலவை யார் ஏற்பது என்று பேசிக்கொள்ளுங்கள், ஆனால் பதிவைத் தவிர்க்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை. சொத்தின் சர்வே எண், உட்பிரிவு, கிராமப் பெயர் வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். அதில் வங்கிக்கு உரிமைப் பத்திரம் ஒப்படைத்த பதிவு தெரிந்தால் வங்கிதான் முதல் உரிமைக்காரர். உங்கள் ஒத்தி அதற்குப் பின்னால்தான் நிற்கும். வில்லங்கத்தில் வராத அடமானமும் உண்டு, ஆகவே மூலப்பத்திரத்தை அசலாகக் கண்ணால் பாருங்கள். "பத்திரம் ஊரில் அண்ணனிடம் இருக்கிறது" என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். பட்டாவும் வீட்டு வரி ரசீதும் யார் பெயரில் இருக்கின்றன, கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்களா என்பதும் முக்கியம். இந்த மாவட்டத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத வீடுகள் நிறைய.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக, வைப்பாக ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழி போனால் உங்களுக்கும் சாட்சி. தொகை திரும்பியதும் ஒத்தி ரத்துப் பத்திரம் பதிய வேண்டும், அதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகை என்றால் இத்தனை சிக்கல் இல்லை. 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், 90 நாளுக்குள் வாடகை ஆணையத்தில் இணையம் வழி பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் பெயிண்டுச் செலவு, மோட்டார் பழுது, கிணறு தூர் வாருதல் மூன்றும் யாருடையவை என்று ஒரு வரி சேருங்கள். தகராறு எப்போதும் இந்த மூன்றில்தான் வருகிறது.

ரப்பர்க்காடு

ஒத்திக்கு வீடு எடுத்து நிம்மதியா இருக்குதவங்க நூறு பேரு உண்டு, வில்லங்கம் சார் இப்படிப் பயமுறுத்தாதீங்க. நம்பிக்கையிலதான் இங்க பாதி நடக்குது.

வில்லங்கம்

நம்பிக்கை இருக்கட்டும். பத்திரமும் இருக்கட்டும். ஊர்க்காரருக்கு வீட்டுக்காரரின் சித்தப்பாவைத் தெரியும், ஈரோட்டுக்காரருக்கு யாரைத் தெரியும்?

மீட்டர்பெட்டி

கரண்டு பத்தி யாரும் சொல்லலை. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பாக்க வேண்டியது தனி இணைப்பா, பொது இணைப்பா. மேல் வீடும் கீழ் வீடும் ஒரே மீட்டர்னா, ஆளுக்கு 280 யூனிட் ஓட்டினாலும் மீட்டர் 560 காட்டும். இலவச 100 ரெண்டா உடையும். 500 தாண்டினதால இடையில இருக்குத மலிவு அடுக்கும் போயிரும். தனியா 280-க்கு வர்ற தொகையை விட உங்க பங்கு நல்லாவே கூடும். வீட்டுக்காரர் உள்ள ஒரு சின்ன மீட்டர் வெச்சு "யூனிட்டுக்கு இவ்வளவு"ன்னு வாங்குததும் இதே கதைதான். மாடி வீட்டுல இதைக் கட்டாயம் கேளுங்க. இணைப்பு எண்ணை வாங்கி இணையத்துல போட்டா பழைய பாக்கி, போன ரெண்டு வருஷ ஓட்டம் எல்லாம் தெரியும்.

அடுத்தது, மழைக்காலத்துல கசிவுத் தடுப்பு சுவிட்ச் அடிக்கடி விழும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டா சிலபேர் அதை எடுத்துவிட்டு நேரா வயரை இணைச்சுட்டுப் போவாங்க. அதை அனுமதிக்காதீங்க. அது விழுததுக்குக் காரணம் ஈரம் ஏறின ஏதோ ஒரு பெட்டி, பெரும்பாலும் வெளிச்சுவர் விளக்கு, மொட்டை மாடி மோட்டார் சுவிட்ச், இல்லேன்னா ஹீட்டர் காயில். எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தனி சுவிட்ச்) கீழ இறக்கி, கசிவுத் தடுப்பை மேல போட்டு, ஒவ்வொண்ணா ஏத்துங்க. எதை ஏத்தும்போது விழுதோ அந்த வரிசையில பழுது. அஞ்சு நிமிஷ வேலை.

ஐப்பசி இடி மழையில டிவி, மோடம் பிளக்கைப் பிடுங்குங்க, சுவிட்ச் அணைச்சா போதாது. தென்னை ஓலை கம்பியில விழுந்து கரண்டு போறது இங்க சாதாரணம். புகாருக்கு மின்னகம் 94987 94987. தெருப் பேரோட கம்ப எண்ணையும் சொன்னா ஆள் சீக்கிரம் வருவாங்க.

கொளச்சல் அக்கா

தம்பி, மீன் திம்பியளா? திம்பியன்னா கேளுங்க. நீங்க வர்ற ஜூன் முதல் ரெண்டு வாரம்தான் வருஷத்துலயே மீனுக்கு மோசமான நேரம். கிழக்குக் கடல் தடை ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, அது சின்னமுட்டம் விசைப்படகுக்கு. மேற்குக் கடல் தடை ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை, அது கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு. ஜூன் 1-ல இருந்து 14 வரைக்கும் ரெண்டும் சேர்ந்து நிக்கும். வள்ளத்துல போறவங்களுக்குத் தடை இல்ல, ஆனா அந்த மாசம் கடலும் சீறும். அப்ப பெருமீன்னு விக்குதது நிறைய ஐஸ் பெட்டியில வெளியூருல இருந்து வந்ததா இருக்கும். ஜூலையில சின்னமுட்டம் மீன் கிடைக்கும், மே மாசம் கொளச்சல் மீன் கிடைக்கும், இப்படிப் பாத்து வாங்கணும்.

செவுளைத் தூக்கிப் பாருங்க, சிவப்பா இருக்கணும். பெருவிரலால வயித்துல அமுக்கினா குழி நிக்கக் கூடாது. சிவப்பைப் பாத்து மட்டும் ஏமாறாதீங்க, கண்ணு உள்ள போயிருந்தா பழசு. உங்க ஊருல வஞ்சிரம்னு வாங்குதது இங்க நெய்மீன். புள்ளைகளுக்குச் சாளையும் நெத்தோலியும் போதும், விலையும் கம்மி.

காய்கறிக்கு வடசேரி சந்தை, மொத்தமா வேணும்னா அப்டா மார்க்கெட். பலசரக்குக்குக் கோட்டாறு. பூவுக்குத் தோவாளை, வீட்டம்மா போற வழிதான். வாழைப்பழத்துல சின்னப் புள்ளைக்கு மட்டி, வேகவைக்க ஏத்தன்.

மனு எழுதுறவன்

பேப்பர் வேலையை வரிசையாச் சொல்லுறேன். ஈரோட்டை விடும் முன்னால முடிக்க வேண்டியது ரெண்டு.

பள்ளிக்கூடம். டிசி மட்டும் வாங்கிட்டு வந்தா போதாது. பழைய பள்ளி எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட இணைய மாணவர் பதிவுல, பசங்க பேரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கணும், அதைச் செய்யாம புதுப் பள்ளியால எமிஸ்ல சேர்க்க முடியாது. ஜூன் முதல் வாரம் எல்லாப் பள்ளியிலயும் இதே கூட்டம், போன் போட்டா எடுக்க ஆள் இருக்காது. டிசி வாங்குற அன்னைக்கே கம்ப்யூட்டர் முன்னால நின்னு விடுவிச்சாச்சான்னு பாத்துட்டு, எமிஸ் எண்ணை எழுதி வாங்கிக்கங்க.

கேஸ். வேற ஊருக்குன்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில ஒப்படைச்சு, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்று வவுச்சர் வாங்கணும். அடுப்பும் டியூபும் உங்களோடது. இங்க வந்து வவுச்சரைக் காட்டி டெபாசிட் கட்டினா அதே இணைப்பு தொடரும். சிலிண்டரை லாரியில ஏத்திட்டு வந்துட்டா அங்க இணைப்பும் மூடாது, இங்க புதுசும் திறக்காது.

வந்த பிறகு: ரேஷன் தமிழ்நாட்டுக்குள்ள எந்தக் கடையிலயும் கைரேகை வெச்சு வாங்க வழி இருக்கு, 2020 அக்டோபர்ல இருந்து. ஆனாலும் கடைக்காரர் தன் கடைக் கார்டுக்குத்தான் முதல்ல கொடுப்பார். முகவரியை இணையத்துல மாத்திருங்க. நாகர்கோவில்னா அகஸ்தீஸ்வரம் வட்டம். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் வீடு எடுத்தா தோவாளை வட்டம், அலுவலகம் பூதப்பாண்டியில. ஓட்டுக்குப் படிவம் 8, படிவம் 6 போடாதீங்க, அது புதுசா சேர்றவங்களுக்கு. வண்டி எண் மாத்த வேண்டாம், ஆர்சியில முகவரி மட்டும் படிவம் 33-ல, 30 நாளுக்குள்ள.

அனந்தபுரிவாசி

இடையில ஒரு கேள்வி. திருவனந்தபுரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு மாறுகிறேன். கேஎல் எண் கார். களியக்காவிளை தாண்டி எத்தனையோ கேஎல் வண்டி ஓடுகிறதே, மாற்றத்தான் வேண்டுமா?

மனு எழுதுறவன்

வந்துபோற வண்டிக்கு வேண்டாம். குடியிருந்து 12 மாசத்துக்கு மேல இங்கயே வெச்சிருந்தா மாத்தணும். கேரள ஆர்டிஓவுல படிவம் 28-ல தடையின்மைச் சான்று வாங்கணும். லோன் இருந்தா வங்கிச் சம்மதம் முதல்ல, அது இல்லாம மனு திரும்பி வரும். பிறகு மார்த்தாண்டத்துல படிவம் 27, தமிழ்நாட்டு வரி கட்டினா டிஎன் 75 எண். அதைக் காட்டிக் கேரளத்துல மீதிக் காலத்து வரியைத் திரும்பக் கேக்கலாம். இன்சூரன்ஸ்ல எண்ணை மாத்த மறந்துராதீங்க, விபத்துன்னா அங்கதான் இடிக்கும்.

சானல்கரை

பஸ், ரயில் ரெண்டு வரி. வெளியூர் பஸ் வடசேரி கிறிஸ்டோபர் நிலையம், டவுன் பஸ் மீனாட்சிபுரம் அண்ணா நிலையம். ரயிலுக்கு டிக்கெட் போடும்போது ஜங்ஷனா, டவுனான்னு பாருங்க. ஜங்ஷன் கோட்டாறுல, டவுன் பள்ளிவிளையில, ஊருக்கு ரெண்டு ஓரம். திருநெல்வேலியில இருந்து எஞ்சின் திருப்பாம திருவனந்தபுரம் போற வண்டி டவுனோட போயிரும், ஜங்ஷன்ல காத்துக்கிட்டு இருந்தா வராது. உங்க கோயம்புத்தூர் வண்டி ஜங்ஷன்ல முடியும்.

லீவு கணக்கும் இங்க வேற. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3, மண்டைக்காடு கொடை மாசியில, சுசீந்திரம் தேரு மார்கழியில, ஓணம், சிவராத்திரின்னு கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவாரு. அது செலாவணி முறிச் சட்டத்துல வராது, அதனால பேங்கு திறந்திருக்கும், உங்க கம்பெனியும் ஒருவேளை திறந்திருக்கும், பள்ளிக்கூடம் மட்டும் பூட்டியிருக்கும். பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பாத்து வெச்சுக்கிடுங்க. டிசம்பர் 3 சாயங்காலம் கோட்டாறு வழி வண்டி எடுக்காதீங்க.

ரப்பர்க்காடு

அம்மா கூட இருக்காங்கன்னு சொன்னீங்களே, ஒண்ணு விட்டுப்போச்சு. மழைக்காலத்துல எலிக்காய்ச்சல் இங்க உண்டு. கால்ல புண்ணு இருந்தா வயல் வெள்ளத்துல, ஓடைத் தண்ணியில இறங்கக் கூடாது. காய்ச்சலோட கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தா கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்காம ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போயிருங்க. பாம்புக் கடின்னாலும் அங்கதான், கட்டுப் போடுத வேலை, கீறுத வேலை எதுவும் வேண்டாம்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. வடசேரி வீட்டைப் பத்தி விசாரிச்சேன். ரோட்டை விட ரெண்டரை அடி உயரம், பக்கத்து வீடுகளும் அதே அளவு. கிணறு 38 அடி, சானல் அடுத்த தெருவுல. மோட்டார் மேல இருக்கு. தனி மீட்டர். மாடி வீட்டுக்காரர் பத்திரம் பதிய ஒத்துக்கலை.

கிணத்துமேடு

அப்ப மாடி வீட்டுப் பேச்சு முடிஞ்சுது. வடசேரி வீடு எடுக்கலாம், ஆனா 38 அடிக் கிணறு, பக்கத்துல சானல், மேல மோட்டார். இந்த மூணும் சேர்ந்தா மார்ச்சுக்குப் பிறகு காத்துதான் இறைக்கும். ஒப்பந்தத்துல "வீட்டுக்காரர் செலவில் பிப்ரவரிக்குள் நீர்மூழ்கி மோட்டார்"னு எழுதி வாங்கிட்டு முன்பணம் கொடுங்க. மாட்டேன்னாருன்னா அந்தத் தொகையை முன்பணத்துல குறைச்சுக்கிட்டு நீங்களே போட்டுக்கிடுங்க, பில் உங்க பேருல இருக்கட்டும், காலி பண்ணும்போது கழட்டிக்கிட்டுப் போகலாம்.